வாசலை எல்லாம் சாத்திவிட்டேன், பிறகு எப்படி உள்ளே வந்தது?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சகோதரியின் கடிதம். நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எனக்கு வயது 36. இரண்டு வருடமாக நான் சினிமா பார்ப்பதில்லை, சினிமாப் பாட்டு கேட்பதில்லை. விசுவாசத்தில் இல்லாத சிநேகிதிகளிடம் பேசுவதையும் குறைத்துக்கொண்டேன். 'எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்' என்ற வசனத்தை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு தேவசெய்திகள் மட்டும்தான் கேட்பேன், பெரும்பாலும் கடைசிக்காலத்தைப் பற்றியவை. ஆனால் என் மனதில் சமாதானமே இல்லை. எப்போதும் பயம், எதற்கெடுத்தாலும் கோபம். எங்கள் போதகர் சத்தியத்தை மறைக்கிறாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. போன மாதம் என் ஒன்பது வயது மகள் படம் வரைந்துகொண்டே பள்ளியில் கேட்ட ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். 'இந்த வீட்டில் பிசாசின் பாட்டைப் பாடாதே' என்று கத்திவிட்டேன். இப்போது அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பாடுகிறாள். ஜெபிக்கும்போதுகூடத் தேவனைத் தூஷிக்கிற வார்த்தைகள் மனதுக்குள் வருகின்றன. வாசலை எல்லாம் சாத்திவிட்டேன். பிறகு எப்படி உள்ளே வந்தது?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சாத்தாமல் விட்ட வாசல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் 'தேவசெய்தி' என்று எழுதியிருந்ததால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

அவசரப்பட்டுச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். இரண்டு வருடத்தில் நீங்கள் விட்டவற்றின் பட்டியல் அதில் இருக்கிறது, உள்ளே எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ராத்திரி, தனியாக, காதுக்குள், பயமுறுத்தும் பிரசங்கம். பயமும் கோபமும் சந்தேகமும் கூடியிருப்பதும் இதே காலத்தில்தான். சினிமாப் பாட்டு இந்த இரண்டு வருடத்தில் உங்கள் பக்கமே வரவில்லை, சிநேகிதிகளின் பேச்சும் குறைந்துவிட்டது. பழியை அவற்றின்மேல் எப்படிப் போடுவது?

சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே, அந்த வசனத்தை முழுவதும் எழுதியிருக்கிறீர்களா? நிறையப் பேர் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதனிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" (நீதிமொழிகள் 4:23). காவல் என்றதும் நமக்குக் கோட்டையும் மதிலும் கண்முன் வந்துவிடுகின்றன. வசனமோ ஊற்றைப் பற்றிப் பேசுகிறது. கோட்டையைக் காப்பவன் வெளியிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்ப்பான். ஊற்றைக் காப்பவன் அதோடு நிற்க முடியாது. புறப்பட்டு வருகிற தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்க்கவேண்டும், வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். அடுத்த மூன்று வசனங்களையும் படியுங்கள். வாய், கண், கால் என்று வரிசையாக வருகின்றன. இருதயம் காக்கப்பட்டிருக்கிறதா என்பது நாம் என்ன பேசுகிறோம், எதைப் பார்க்கிறோம், எங்கே நடக்கிறோம் என்பதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. எபிரெய மொழியில் இருதயம் என்றால் உணர்ச்சி மட்டுமல்ல. யோசிப்பதும், தீர்மானிப்பதும் அங்கேதான். 'மனசு சரியில்லை' என்று நாம் சொல்கிற மனசைவிடப் பெரிய இடம் அது.

இயேசு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இதைத்தான் சொல்லி அங்கிருந்தவர்களை அதிரவைத்தார். வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளேயிருந்து புறப்படுவதே தீட்டுப்படுத்தும் என்றார். கை கழுவுவதில் அத்தனை கவனமாக இருந்தவர்களிடம் சொன்ன பேச்சு அது. இதை எடுத்துக்கொண்டு 'அப்படியானால் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று சொல்ல வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் குழாய்ச் சத்தத்துக்கு வருவோம்.

உங்கள் வீட்டில் நடந்ததை இப்படிப் பாருங்கள். படம் வரைந்துகொண்டிருந்த ஒரு குழந்தையின் வாயிலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. உங்கள் வாயிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. இரண்டில் எந்தத் தண்ணீரைச் சோதிக்கவேண்டும்? பாட்டு நல்லதா கெட்டதா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவள் பாடுவதை நிறுத்தவில்லை, கவனித்தீர்களா? உங்களுக்குக் கேட்காமல் பாடக் கற்றுக்கொண்டாள். ஒன்பது வயதில் பாட்டோடு நிற்கிறது. பதினைந்து வயதில் அவளுக்கு ஏதாவது உண்மையான ஆபத்து வந்தாலும் இதே போல் குழாயைத் திறந்துவிடுவாள், உங்களிடம் வரமாட்டாள். இந்தக் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வரிதான்.

உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. எனக்கும் இது நடந்தது. கேசட் காலத்தில் ஒரு பேச்சாளரை விடாமல் கேட்டேன். கூர்மையான ஆள். மற்ற ஊழியக்காரர்களைப் பெயர் சொல்லாமல் குத்திக் கிழிப்பார், சிரிப்பாக இருக்கும். வேத அறிவு வளர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது எங்கள் சபை மூப்பர் ஒருவரைப் பற்றி ஏதோ சொன்னேன். என் மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்து, "இது உங்க குரலே இல்லையே" என்றாள். உண்மைதான். அந்தக் கேசட்டின் இழுவை, அந்த ஏளனம், வாக்கியத்தின் கடைசியில் வரும் அந்தச் சின்ன மூக்குச் சிரிப்புகூட அப்படியே என் வாயில் இருந்தது. அவர் சொன்ன கருத்துகளில் பாதிக்கு மேல் சரியானவை. நான் எடுத்துக்கொண்டது கருத்தை அல்ல, தொனியை. இருதயத்துக்குள் அதிகமாகக் கடத்தப்படுவது தொனிதான். கருத்தைச் சோதிக்க நமக்குத் தெரியும், தொனியைச் சோதிக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சபைப் பிதாக்கள் என்கிற ஆதிச் சபை ஆசிரியர்களில் ஒருவரான அகுஸ்தீன் தன் நண்பன் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருப்பது இங்கே பொருந்தும். சட்டம் படிக்க ரோமுக்குப் போன அலிப்பியுஸுக்கு வாள்வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் விளையாட்டு என்றால் வெறுப்பு. சக மாணவர்கள் ஒருநாள் அவரை வலுக்கட்டாயமாக அரங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். "என் உடம்பைத்தான் இழுத்துப்போக முடியும்" என்று சொல்லி, உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். யாரோ விழுந்தபோது கூட்டம் ஒரே குரலில் அலறியது. என்னவென்று பார்க்கக் கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். அதன்பிறகு மற்றவர்களை அவரே கூட்டிப்போகும் அளவுக்கு மூழ்கிப்போனார். காதையும் மூடியிருக்கக் கூடாதா என்று அகுஸ்தீன் அங்கலாய்க்கிறார். இதே அலிப்பியுஸ் பின்னாளில் மீண்டு தாகஸ்தே நகரத்து ஆயர் ஆனார், அதையும் சொல்லிவிடவேண்டும். நீங்களும் கண்ணை நன்றாக மூடிக்கொண்டீர்கள். இயர்போன் காதிலேயே இருந்தது.

அந்தக் காணொளிகள் உங்களுக்கு எப்படி வந்து சேருகின்றன என்பதில் மாயம் எதுவும் இல்லை. எதை நீங்கள் நிறுத்தாமல் கேட்கிறீர்களோ, அதே சாயலில் அடுத்ததை அந்தச் செயலி எடுத்துத் தரும். நம்மை நகரவிடாமல் பிடித்து வைப்பதில் பயமும் கோபமும் கெட்டிக்காரத்தனமானவை. அதனால் முதல் மாதம் ஒரு சாதாரணப் பிரசங்கத்தில் தொடங்கியவர் ஆறாவது மாதம் தேதி குறிக்கிற ஆளிடம் போய் நிற்கிறார். 'ஆவியானவர்தான் இந்தச் செய்தியை என் கண்ணில் காட்டினார்' என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்லும்போது, இதைத்தான் முதலில் விளக்குவேன்.

தேதி குறிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பயத்தில் பாதி அதுதான் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள். அந்த நாள் மற்ற நாட்களைப் போலவே முடிந்தது. ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். 2012இல் தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த மனிதரிடம் நான் மதிப்பது அந்த ஒப்புதலை. உங்களை மிரட்டுகிறவர்களில் எத்தனை பேர் சொன்னது நடக்காதபோது மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உபாகமம் 18:22 இப்படிப்பட்டவரைப் பற்றி "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்று நேராகவே சொல்கிறது.

சரி, ஒரு செய்தி நல்லதா கெட்டதா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? பேசுகிறவர் வசனம் சொல்கிறாரா என்று பார்த்தால் போதாது. இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் வசனம்தான் சொன்னான். நான் என்னிடம் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சோதனை மிகச் சின்னது. கேட்டு முடித்ததும் அந்த நிமிடத்தில் யார் முகம் மனதில் நிற்கிறது, அவரைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'மாமியாரிடம் நான் பேசிய பேச்சு தப்பு' என்று வந்தால் அந்தச் செய்தி உங்களுக்குள் வேலை செய்திருக்கிறது. 'மாமியார் ரட்சிக்கப்படவே இல்லை' என்று வந்தால் வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது. ஒரு நாளின் வரியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு மாத வரிகளைச் சேர்த்துப் படித்தால் யாரும் விளக்கத் தேவையில்லை. கலாத்தியர் ஐந்தில் ஆவியின் கனி என்று ஒன்பது சொல்லியிருக்கிறது. சந்தேகமும் நடுக்கமும் அதில் இல்லை.

இனி நீங்கள் சாத்திய வாசல்களுக்கு வருகிறேன். சிநேகிதிகளை விட்டு விலகியதற்கு 1 கொரிந்தியர் 15:33ஐக் குறிப்பிட்டிருந்தீர்கள்: "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்." அருமையான எச்சரிக்கை. ஆனால் அந்த வாக்கியம் பவுலுடைய சொந்த வாக்கியம் அல்ல, மெனாண்டர் என்ற கிரேக்க நாடகக்கவியின் வரி என்று சபைப் பிதாக்கள் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது. நகைச்சுவை நாடகம் எழுதியவர் அவர். உலகத்தாரின் நாடகத்தை அறவே ஒதுக்குவதற்கு நாம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் வசனமே அங்கிருந்து வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதைவிட முக்கியமானது, அந்த அதிகாரத்தில் பவுல் பேசுவது உயிர்த்தெழுதலை மறுத்துக்கொண்டு சபைக்குள்ளேயே இருந்தவர்களைப் பற்றி. கெடுக்கும் பேச்சு உள்ளேயிருந்துதான் வந்தது.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டி முடித்த நெகேமியா வாசற்கதவுகளைப் போட்டார், காவல்காரரை வைத்தார். வெயில் ஏறும்வரை கதவைத் திறக்கவேண்டாம் என்று உத்தரவிட்டார் (நெகேமியா 7:3). அப்படியானால் வெயில் ஏறியதும் திறந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எப்போதும் சாத்தியே கிடக்கும் கதவுக்குக் காவலாளி எதற்கு, ஆணி அடித்துவிட்டுப் போகலாமே. நீங்கள் ஆணி அடித்துவிட்டீர்கள். ஆணி அடித்த வீட்டில் வெறுமைதான் மிஞ்சும். மத்தேயு 12இல் அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிற வீடு அழுக்கான வீடு அல்ல, பெருக்கி ஜோடிக்கப்பட்ட வீடு. ஆனால் உள்ளே யாரும் இல்லை. அதனால்தான் தன்னைவிடப் பொல்லாத ஏழு பேரோடு குடியேறுகிறது.

'அப்படியானால் எதையுமே தள்ளவேண்டாமா?' என்று கேட்பீர்கள். தள்ளவேண்டியது இருக்கிறது. ஆபாசப் படங்கள், அடுத்தவர் குடும்பத்தைக் கிழித்துப்போடும் அரட்டை, கடனாளியாக்கும் சூதாட்டம், உங்களை அவமானப்படுத்தியே பழகும் உறவு. இவற்றுக்குச் சோதனை தேவையில்லை, சாத்துங்கள். இடைப்பட்டவைதான் குழப்பம் தருபவை. அங்கே முதல் சங்கீதத்தின் முதல் வசனம் எனக்கு உதவியாக இருக்கிறது: நடப்பது, நிற்பது, உட்காருவது என்று மூன்று படி. தெருவில் போகும்போது காதில் விழுந்த பாட்டு வேறு, நின்று கேட்டது வேறு, தினமும் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டது வேறு. உட்காரும் இடமாகச் சங்கீதக்காரன் சொல்வது பரியாசக்காரரின் இடத்தை. நான் அந்தக் கேசட்டோடு உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

போதகரைப் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவர் செய்த தவறு என்று ஒன்றும் இல்லை. 'இதைப் பேசாத சபை செத்த சபை' என்று காணொளியில் ஒருவர் சொன்னார், உங்கள் போதகர் அதைப் பேசவில்லை, அவ்வளவுதான். அதை அவரிடமே போய்க் கேளுங்கள். "ஐயா, நீங்கள் ஏன் இதைப் பிரசங்கிப்பதில்லை?" என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. பவுல் சொன்னதையே வேதத்தை வைத்துச் சரிபார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 பாராட்டித்தான் பேசுகிறது.

இதை எழுதும்போதே வேறு சில வாசகர்கள் நினைவுக்கு வருகிறார்கள், அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டாலே சாபம் வரும் என்று மிரட்டுகிற தலைவர், குடும்பத்தாரிடமிருந்து பிரிக்கிற தலைவர், காணிக்கைக் கணக்கைக் காட்ட மறுக்கிற தலைவர், தனியாக வரச்சொல்லி, நடந்ததை வெளியே சொல்லாதே என்கிற தலைவர், இப்படிப்பட்டவரிடம் பேசிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியே வாருங்கள். நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், குற்றம் என்றால் காவல்துறையிடமும் சொல்லுங்கள். அங்கே இருதயத்தைக் காப்பது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான்.

ஜெபத்தில் வருகிற தூஷண வார்த்தைகள். இதை நீங்கள் கடிதத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். வெட்கம் தெரிந்தது. நான் பார்த்த விசுவாசிகளில் இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் 'கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதும், குனிந்து ஒரு குண்டூசி எடுக்கும்போதும் கேட்டது. மாட்டேன், மாட்டேன் என்று கையாலும் முழங்கையாலும் எதையோ தள்ளுவதுபோல் தள்ளுவாராம். வந்து விழும் எண்ணம் வேறு, நீங்கள் விரும்பி வளர்க்கும் எண்ணம் வேறு. உங்களுக்கு அது அருவருப்பாக இருக்கிறது என்பதே அது உங்கள் விருப்பம் அல்ல என்பதற்குச் சாட்சி. அதோடு மல்லுக்கட்டாதீர்கள், மல்லுக்கட்டினால் அதற்குப் பலம் கூடும். 'வந்துவிட்டதா, சரி' என்று விட்டுவிட்டு ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

ஆனால் இந்த எண்ணங்கள் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ, 'சரியாக ஜெபிக்கவில்லை' என்று ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்று ஒன்று உண்டு. பக்தியுள்ளவர்களிடம் அது பக்தியின் வேஷத்தில் வரும். சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது. அதைப் பிசாசு என்று நினைத்து விரட்ட உபவாசத்தின்மேல் உபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி செய்யவேண்டியது. நான்கு வாரத்துக்கு ராத்திரிச் செய்திகளை நிறுத்துங்கள். போன் படுக்கையறையில் இருக்கவேண்டாம். அந்த நேரத்தை வெறுமையாக விடாதீர்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், வாரத்துக்கு நான்கு என்று பகலில் சத்தமாக வாசியுங்கள். கைவிட்ட சிநேகிதிகளில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "காரணமில்லாமல் விலகிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று மட்டும் சொல்லுங்கள். சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள்.

ராத்திரி விழித்துக் காவல் காக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் முதல் வாரம் இருக்கும். சமையலறைச் சுவரில் இன்னொரு தாளையும் ஒட்டுங்கள்: "கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா" (சங்கீதம் 127:1). அடுத்த வசனம் தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்று முடிகிறது. அதையும் சேர்த்து எழுதுங்கள், பாதியோடு நிறுத்தவேண்டாம்.

மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். நீளமாக வேண்டாம். "அன்றைக்கு அம்மா கத்தினது தப்பு" என்று சொன்னால் போதும். அப்புறம் அவள் படம் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். உடனே பாடமாட்டாள், சில வாரம் ஆகலாம். பாட ஆரம்பித்தால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஆலோசகர்